வடித்து ஊற்றிய பிரேக் ஒயில்

அக்கா,

இன்று காலை கராஜுக்கு ஒருவர் பழைய வேனோடு வந்தார். பிரேக் ஒயில் மாற்ற வேண்டுமாம். கையில் பாதிப் போத்தல். "போன வருசம் உடைச்சது தம்பி. மூடிய இறுக்கித்தான் வெச்சிருந்த நான். இதையே ஊத்துங்க" என்றார். வாங்கிக்கொண்டுபோய்ப் பின்பக்க மண்ணில் ஊற்றிவிட்டேன். "உனக்கென்ன விசரா?" என்று கத்தினார். புதுப் போத்தலை உடைத்து ஊற்றி அனுப்பினேன். நாலு தரம் சோப் போட்டும் கையிலிருந்து அந்த இனிப்பு நாற்றம் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா விட்டுப்போன மொரிஸ் மைனர் காரை நீதான் ஓட்டினாய். பனிச்சங்கேணிப் பக்கத்துப் பிரசவங்களுக்கெல்லாம் நீதான் மருத்துவிச்சி, சனத்துக்கு மிஸ்ஸி. வலி கண்டவளை வாழைச்சேனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உன் காரை விட்டால் மாட்டு வண்டில்தான். சுனாமி அந்தக் காரைக் கல்குடா வீட்டிலிருந்து தூக்கிப்போய்த் தென்னைகளுக்கு நடுவில் செருகியபோது, நீ வீட்டுக்கு அழவில்லை, காருக்குத்தான் அழுதாய். நான் டெக்னிக்கல் கொலிஜ் முடித்திருந்த நேரம். ஒவ்வொரு குழாயாகக் கழற்றிக் கழுவினேன். ஹான்ட் பிரேக் கேபிள் மட்டும் உப்பில் இற்றுப்போயிருந்தது, கழற்றி எறிந்தேன். பிறகு போடவேயில்லை.

பிரேக்கில் எயார் எடுக்க, குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற, இரண்டு பேர் வேண்டும். நீ மேலே பெடலில், நான் கீழே சில்லடியில்.

"அமத்து! பிடி! விடாத!"

"பிள்ளப் பெறுறவளுக்கு நான் கத்துற மாதிரியே கத்துறாய்டா."

"கதைக்காம அமத்து!"

நீ சிரித்தால் கால் தளரும், காற்று திரும்ப உள்ளே போகும், நான் ஏசுவேன். எனக்குப் பொறுமை கிடையாது. உனக்குத் தெரியும்.

சண்டை திரும்ப வந்தது. சாமான் வரும் பாதையைப் பூட்டினார்கள், வழியெல்லாம் வண்டிகளை மறித்துச் சோதிக்கும் சென்றிகள் வைத்தார்கள். மாவும் மண்ணெண்ணெயுமே வராத இடத்துக்குப் பிரேக் ஒயில் எப்படி வரும்? பழையதை வடித்துத் திரும்ப ஊற்றுவதுதான் அப்போது எல்லாருடைய வழக்கமும். நீ ஒருநாள் வந்து சொன்னாய்: "டேய் தம்பி, நாலஞ்சு சென்றி தாண்டினாப் பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகுது."

"ஒயில் வரட்டும். அதுவரைக்கும் ஓடாத."

"ஒயில் வரும் வரைக்கும் பிள்ள வயித்துக்குள்ள இருக்குமாடா?"

காரில் உன் கால்மாட்டுப் பாயைத் தூக்கி, அடியிலிருந்த பிரேக் ஒயில் மூடியைத் திறந்தேன். ஒயில் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. முழுவதையும் இறக்கி, அம்மாவின் பழைய சேலைத் துணியில் இரண்டு தரம் வடித்தேன். குறைந்ததற்கு, சுனாமி வருசம் உடைத்து வைத்த போத்தலின் மிச்சத்தை ஊற்றினேன். மண் துணியில் நின்றது. தண்ணீர் நிற்காது. பிரேக் ஒயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். எங்கள் வாவிக் காற்றைப்போல ஈரம் வேறெங்கே உண்டு? பிரேக் சூடேறினால் அந்தத் தண்ணீர் ஆவியாகும். ஆவியை எவ்வளவு அமத்தினாலும் கார் நிற்காது. பரீட்சையில் இதை எழுதிச் சித்தியடைந்தவன் நான்.

எயார் எடுத்து முடிந்ததும் பெடல் கல்லாக நின்றது. ஆறிய பெடல் அப்படித்தான் நிற்கும். நீ ஆச்சரியப்பட்டாய். "புதுசாடா? எங்க எடுத்த நீ?"

"ஓம், புதுசு. போ அக்கா."

பழையது என்று சொல்லியிருந்தால் நீ மெல்லப் போயிருப்பாய். நூறு கேள்வி கேட்பாய் என்றுதான் சொல்லவில்லை. அந்த ஒயிலோடு கார் ஒரு கிழமைதான் ஓடியது.

ஒருத்தியை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பினாய். வழிநெடுகச் சென்றிகள், ஒவ்வொன்றிலும் பிரேக். வாவி அணையிலிருந்த சென்றியில் கார் நிற்கவில்லை. நிற்காத காரைச் சுடுவார்கள் என்பது எங்கள் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். தோணியில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர் எனக்குச் சொன்னார்: "மிஸ்ஸி கைய வெளியால போட்டு ஆட்டினவ தம்பி. சென்றிக்காரன் துவக்கத் தூக்கிட்டான். உடனே கார வாவிக்குள்ள திருப்பிட்டா." ஒரு வெடியும் தீரவில்லை. அணைக் கல்லில் அடிபட்டுத்தான் நீ போனாய்.

காரை இரண்டாம் நாள் உழவு மெஷினால் இழுத்தார்கள். ஆட்கள் உன்னை நினைத்து அழுதுகொண்டு நிற்க, நான் உள்ளே குனிந்து அந்த மூடியைத் திறந்தேன். விரலை விட்டு நக்கியும் பார்த்தேன். உப்பு. மூடியில் காற்றுத் துளை உண்டு. இரண்டு நாளில் வாவி உள்ளே இறங்கியிருந்தது. என் தண்ணீர் எது, வாவித் தண்ணீர் எது? எந்தக் கருவியாலும் இனிப் பிரிக்க ஏலாது. குழாய் வெடித்திருக்கலாம், ரப்பர் கிழிந்திருக்கலாம் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். எல்லாம் நன்றாக இருந்தன. ஒன்றாவது பழுதாக இருக்கக் கூடாதா, அக்கா?

இப்போது சென்றிகள் இல்லை. பெட்டிக்கடையிலும் பிரேக் ஒயில் தொங்குகிறது. அந்த அணை இருந்த இடத்தில் பாலம், அதில் பஸ் நிற்காமல் போகிறது. நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

உன் திவசத்துக்குச் சனம் வரும். ஒவ்வொரு வருசமும் யாராவது கேட்பார்கள், அந்தக் கார் ஏன் நிற்கவில்லையென்று. அம்மா சோறு போட்டபடி சொல்வா: "என்ட மகன் புது ஒயில்தான் ஊத்திக் குடுத்தவன். அவள்ட விதி." சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பா. அந்தப் பார்வையில் ஒரு துளி சந்தேகம் இருக்குமா என்று ஒவ்வொரு வருசமும் தேடுகிறேன். இருந்தால் அந்த இடத்திலேயே சொல்லிவிடுவேன்.

இல்லை, அக்கா. இன்னும் கொஞ்சம் கறி விடுறா.