குளியலறைக் கதவைத் தட்டிய அத்தைக்கு

அத்தை,

நீங்கள் கோயிலிலிருந்து வருவதற்குள் ஆபீஸ் பஸ் வந்துவிடும். குக்கரில் சாதம் இருக்கிறது. நேற்றைய மீன் குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிடுங்கள்.

நேற்று நீங்கள் வாங்கி வந்த குழந்தைச் சட்டைகளைப் பார்த்ததும், "யார் வாங்கச் சொன்னது?" என்று கத்திவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். "ஏட்டி கீர்த்தி, என்னாச்சு? கதவத் தொற!" என்று நீங்கள் தட்டியபோது, இந்த ஊரில் நிக்டி பகுதியில் நடக்கும் கர்ப்பிணிகள் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததைச் செய்துகொண்டிருந்தேன். மனசு கொதித்தால் மூச்சை மெதுவாக வெளியே விட வேண்டும். பிறகு, உள்ளே இருப்பது என்னவென்று பெயர் சொல்லிப் பார்க்க வேண்டும். முதலில் கோபம் என்று சொன்னேன். பொருந்தவில்லை. பயம் என்றதும் அழுகை வந்துவிட்டது. போன தடவையும் இப்படித்தான் சட்டை வாங்கினோம், பிள்ளை தங்கவில்லை.

"புள்ளத்தாச்சி அழப்பிடாது" என்றீர்கள். அழலாமாம், அத்தை, வகுப்பில் சொன்னார்கள். அழுத பிறகு நன்றாகத் தூங்கினேன். காலையில் அந்தச் சட்டைகளில் மஞ்சள் சட்டையை விரித்துப் பார்த்தேன், அழகாக இருக்கிறது.

இன்று வகுப்புக்கு வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வரச் சொன்னார்கள். உங்கள் மகனுக்கு இரண்டாம் ஷிப்ட். நீங்கள் வருகிறீர்களா? இந்தியும் மராத்தியும் தெரியாதே என்று தயங்காதீர்கள். அங்கே பேச்சு குறைவு, மூச்சு விடுவதுதான் அதிகம்.

கீர்த்தி

சாயங்காலம் ஆட்டோவில் வந்து கூட்டிப்போகிறேன். கேஸை மூடிவிட்டுத் தயாராக இருங்கள்.

இன்னொன்று. நேற்று நான் கதவைத் திறந்தபோது நீங்களும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்கு என்ன என்று நான் கேட்கவே இல்லை. ஆட்டோவில் கேட்கிறேன், சொல்லுங்கள்.