ஏழாம் படுக்கை: உள்ளார்

நாள் 212. காலை 07:10
நிலா, தென்முனைச் சுரங்கக் குடியிருப்பு, மருத்துவக் கூடம். எழுதுவது பொறுப்புச் செவிலியர் ஜெபக்கனி. நோயாளிகள் பன்னிரண்டு பேர். காற்றழுத்தம் சரி. மருந்து இருப்பு சரி.

புதுப் பட்டைகள் ஒரு மாதமாக ஓடுகின்றன. நோயாளியின் மணிக்கட்டில் ஒரு பட்டை, அதில் ஒரு சின்ன சில்லு. கட்டில் தலைமாட்டிலும் வாசல் நிலையிலும் உள்ள ரீடர்கள் அதைத் தொடாமலே படித்து, யார் எங்கே என்று திரையில் காட்டும். முன்பெல்லாம் ஷிப்ட் மாறும்போது கட்டில் கட்டிலாகப் போய்த் தலை எண்ணுவோம். இப்போது திரையைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். என் முட்டிவலிக்கு இதைவிட என்ன வேண்டும்?

நாள் 212. காலை 11:00
ஏழாம் படுக்கை, இசக்கிமுத்து, துளைப்பான் ஓட்டுநர். நசுங்கிய இடது காலுக்கு நேற்று அறுவை முடிந்தது. மனைவி பேச்சித்தாய் சமையல் கூடத்தில் வேலை செய்கிறாள். சற்று முன் வந்தவள் ஒரு செப்புத் தாயத்தை அவன் வலது கையில், சரியாகப் பட்டையின் மேலேயே கறுப்புக் கயிற்றால் கட்டிவிட்டாள். சில்லின் மேல் உலோகம் இருந்தால் ரீடர் படிக்காது, இடது கையில் கட்டு என்று கத்தினேன். இடது கையில் டிரிப்ஸ் ஏறுகிறது. அவள் அழ ஆரம்பித்தாள். சரி, சாயங்காலம் நானே மாற்றிக் கட்டுகிறேன் என்று அனுப்பினேன்.

பின்னால் சேர்த்தது: மாற்றவில்லை. சாயங்காலம் இரண்டு வாந்திக் கேஸ் வந்தது, மறந்துபோனேன்.

நாள் 214. பகல் 11:20
அபாயச் சங்கு. கூடத்தின் கிழக்குச் சுவரில் விரிசல், காற்று கசிகிறது. குடியிருப்பைக் காலி செய்து எல்லோரும் விண்கப்பலுக்குப் போக உத்தரவு. நானும் இரண்டு உதவியாளர்களும் திரையில் உள்ள பெயர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஏற்றுகிறோம். சமையல் கூடத்து ஆட்கள் வேறு வாசல் வழியாக ஏறுகிறார்கள்.

நாள் 214. பகல் 11:58
திரை: கூடத்தில் 0, கப்பலில் 11. பட்டியல் முடிந்தது. கையெழுத்துப் போட்டேன். கூடத்துக் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது.

நாள் 214. மதியம் 12:41
கப்பல் மேலேறி அரை மணி ஆகிறது. கூடத்துக் கட்டில் இன்டர்காம் ஒன்றிலிருந்து அழைப்பு.

"சிஸ்டர்? இசக்கிமுத்து பேசுதேன். ஊசி போட்டதுல அசந்து தூங்கிட்டேன். எந்திரிச்சுப் பாத்தா ஒருத்தரயும் காணல. சங்கு வேற கத்துது. எல்லாரும் எங்க போயிட்டிய?"

கடவுளே. கடவுளே.

நாள் 214. மதியம் 12:55
தலைமை விமானியிடம் கெஞ்சினேன். பதில்:

"சிஸ்டர், இறங்கினா மறுபடி ஏற எரிபொருள் இல்ல. அறுபது பேர் இருக்கோம். அடுத்த கப்பல் ஒன்பது நாள் கழிச்சுதான். மன்னிச்சிடுங்க."

கூடத்தில் காற்று நான்கு மணி நேரத்துக்கு. பாதுகாப்பு உடை இருக்கும் அறை பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம். அவனால் நடக்கவும் முடியாது.

நாள் 214. மதியம் 13:20
பதிவேட்டைத் தோண்டினேன். நாற்பத்தெட்டு மணி நேரம் படிக்கப்படாத பட்டையை, ஆள் வீடு திரும்பிவிட்டார் என்று இந்தச் சனியன் தானாகவே கணக்கிலிருந்து எடுத்துவிடும்; அதுவரை கடைசியாகப் படித்த இடத்தையே காட்டும். இன்று காலை 11:00 மணிக்கு எடுத்திருக்கிறது. இருபது நிமிடம் கழித்துச் சங்கு.

இசக்கிமுத்துவைத் தாயத்தை அவிழ்க்கச் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. என் சந்தேகம் பொய்யாகட்டும் என்றுதான் இருக்கும். அவிழ்த்தான். உடனே கப்பல் திரையில் வரி வந்தது.

படுக்கை 7: இசக்கிமுத்து. உள்ளார்.

அவன் கெட்டிக்காரன். உடனே கணக்குப் போட்டுவிட்டான். பிறகு: "இதுனாலதானா சிஸ்டர்? அவகிட்ட மட்டும் சொல்லிராதிய. தாங்க மாட்டா."

பதினோரு பேர் என்று திரை சொன்னபோது, காலையில் நான் மருந்து கொடுத்தது பன்னிரண்டு பேருக்கு. ஏழாம் படுக்கையின் திரைச்சீலையை விலக்கிப் பார்க்க எனக்கு நான்கு எட்டு. அந்த நான்கு எட்டை நான் வைக்கவில்லை. இதைப் படிப்பது யாராக இருந்தாலும், விசாரணையில் எழுத வேண்டிய பெயர் ஜெபக்கனி. அவள் பெயர் இல்லை. தாயத்தைப் பற்றி அவளிடம் பேசாதீர்கள்.

நாள் 214. மதியம் 14:05
பேச்சித்தாய் பின்பக்கப் பயணிகள் அறையில் இருக்கிறாள். அவளை அவனோடு இணைத்தேன். இணைப்பை விட்டு விலக மனம் வராமல் நானும் கேட்டேன்.

"ஏ பேச்சி, அழாதட்டீ. எனக்குன்னு வேற கப்பல் வருதாம்."

"நெசமாவா? சாப்பிட்டியளா?"

"பிஸ்கட்டு தின்னேன். நீ சாப்பிடு மொதல்ல."

அரை மணி நேரம் பேசினார்கள். சாம்பாரில் உப்புக் கூடியதற்கு ஒரு சண்டை கூட வந்தது.

நாள் 214. மாலை 15:50
"சிஸ்டர், தல கிறுகிறுங்குது. குளுருது."

போர்வையை இழுத்துப் போர்த்தச் சொன்னேன். ஆயிரம் பேரைத் தொட்டுப் பார்த்த கை என்னுடையது. இன்று மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

நாள் 214. மாலை 16:25
"உறக்கமா வருது. அவகிட்ட சொல்லுங்க, உறங்குதேன்னு."

பேர் சொல்லிக் கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

நாள் 214. மாலை 17:10
பதில் இல்லை. கூடத்தில் அழுத்தம் பூஜ்யம். ரீடர் மட்டும் பேட்டரியில் ஓடுகிறது. பட்டைக்குக் கை தெரியும், மூச்சு தெரியாது. நிமிடத்துக்கு ஒருமுறை அதே வரி.

படுக்கை 7: இசக்கிமுத்து. உள்ளார்.

நாள் 214. மாலை 17:30
கப்பலின் எல்லாத் திரையிலும் அந்த வரி போகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. பயணிகள் அறையிலிருந்து அழைப்பு.

"சிஸ்டர், உறங்குதாவளா? எழுப்பாண்டாம். இங்க திரையில பாத்துக்கிட்டேதான் இருக்கேன், உள்ளார்னு போடுது. எனக்கு அது போதும். நீங்க அன்னைக்கு வைதியளே, அந்தத் தாயத்துதான் சிஸ்டர் அவியளக் காப்பாத்திக்கிட்டு இருக்கு. இல்லையா?"

ஆமா பேச்சித்தாய் என்று சொன்னேன்.