வியாழக்கிழமை கேட் திறந்துதான் இருக்குதுங்க ஐயா

ஏனுங்க வாத்தியாரய்யா, சௌக்கியமுங்களா? முட்டிவலி எப்படி இருக்குதுங்க? போன இடத்துலயும் குனிஞ்சு ஏதாச்சும் மாட்டைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பீங்க. எனக்கு எழுத்து வராது. உங்ககிட்டப் படிக்கிற கலாமணி அம்மணிதான் நான் சொல்லச் சொல்ல எழுதுது.

நீங்க போன சேதி எங்கூரு எஸ்.டி.டி. பூத்துக்குத்தான் வந்துச்சு. மறுநாள் உங்க கால்நடைப் பல்கலைக்கழகத்துல வகுப்பே இல்லை. பெரிய மண்டபத்துல உங்க போட்டோவுக்கு மாலை. எங்க பக்கத்துச் சனம் பால் கறக்கறதை விட்டுப்போட்டு வந்து நின்னுச்சு.

அங்கேதான் காதுல விழுந்துச்சு. வியாழக்கிழமையானா பின் கேட்டைத் திறந்து, வேப்பமரத்தடியில எங்க மாடுகளைச் சும்மாவே பார்ப்பீங்களே, அதை நிறுத்திப்போடலாம்னு பேச்சு. நீங்க இல்லாம படிக்கிற பசங்க என்ன நோவைக் கண்டுபிடிப்பாங்கன்னு கேட்டாங்க.

துணைவேந்தர், "ஊர்க்காரங்க யாராச்சும் ரெண்டு வார்த்தை பேசுங்க"ன்னார். ரெண்டு வார்த்தையில நிறுத்த எனக்கு எப்பங்க தெரிஞ்சுது? எருமைக் கதையை எடுத்துட்டேன்.

எம் மக கல்யாணத்துக்கு மறுநாள் எருமை சாஞ்சுபோச்சு, வண்டியில ஏத்திட்டு வந்தேன். வேப்பமரத்தடியில உங்ககிட்டப் பந்தல்காரன் வராததுல ஆரம்பிச்சு, சம்பந்தி கோவிச்சுக்கிட்டது வரைக்கும் வந்தாச்சு. உங்க பக்கத்துல நின்ன கலாமணி கடியாரத்தைப் பார்த்துச்சு.

"ஏனுங்க பெரியப்பா, எருமைக்கு என்னன்னு மட்டும் சொல்லுங்க."

நீங்க விட்டீங்களா? "பஸ்ஸுக்கு நேரமாச்சா கண்ணு? எருமைக்குப் பேச வராது, அவருதான் பேசோணும். முடிக்கிற வரைக்கும் மாட்டுமேல கை வைக்காதே."

ரசம் நீர்த்துப்போனதைச் சொன்னேன். மிஞ்சின ஒரு அண்டா சோத்தைப் பந்தலுக்குப் பின்னால கொட்டினதைச் சொன்னேன். துள்ளி எழுந்திரிச்சீங்க. "அதான் நோவு! அத்தனை சோத்தையும் தின்னு வயித்துல புளிச்சுப்போச்சு!" எருமை பொழைச்சுது.

மண்டபத்துல இதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள கலாமணி எழுந்திரிச்சிட்டுது. "காது கொடுத்துக் கேக்க ஐயா எங்களைப் பழக்கிட்டுத்தான் போயிருக்காருங்க. நாங்க பார்த்துக்கறோம்."

துணைவேந்தர் கண்ணாடியைத் துடைச்சார். "ஒரு வாத்தியார் கூட நிக்கட்டும். கேட்டைத் திறங்க"ன்னார்.

இன்னைக்கு அந்த வியாழன். விடியவே மாடுக வரிசையில நிக்குது. பசங்க யாரு கையிலயும் கடியாரம் இல்லை, கழட்டிப் பையில போட்டுட்டாங்க. நான் இருக்கற வரைக்கும் இந்தக் கேட்டைச் சாத்த விடமாட்டேனுங்க. அப்புறம் அந்த எருமை போன மாசம்... அட, படிக்கிற பையன் ஒருத்தன் ஓடியாறான்.

"பெரியப்பா! அவிநாசியில இருந்து ஒரு பசு வந்திருக்குது. மாட்டுக்காரர் வாயே திறக்க மாட்டேங்கறார். நீங்க வந்து பேச்சுக் கொடுங்க!"

சித்தெ இரு தம்பி, வாரேன். அம்மணி, பேரை மட்டும் போட்டுரு, மிச்சத்தை ஐயாகிட்ட நான்...

உங்க எருமைக்காரத் தம்பி,
பழனியப்பன்