ஏலம் முடியாமல் சாப்பிடாத வஞ்சிரம்

கார்த்திகை 8, திங்கள்

விடியும்போதே மழை. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்களாம், பால்காரர் சொன்னார். எங்கள் ஜெராக்ஸ் கடையைத் திறக்கவில்லை. திறந்தாலும் யார் வரப்போகிறார்கள்.

கமலா டீச்சர் போன். "செல்வி, வீட்டுல தனியா உக்காந்து என்னத்த பண்ணப் போற? கெளம்பி மண்டபத்துக்கு வா." போனேன். வேண்டாம் என்று சொல்வதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

புயல் முகாமில் ஆட்களுக்கு மட்டும்தான் இடம். வளர்த்த நாய், பூனை, ஆடு எல்லாம் எங்கே போகும்? அதற்காக டீச்சர் தெரிந்தவர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, கோட்டுச்சேரிக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறார். ஓனருக்கு ஒரே நிபந்தனை: உள்ளே மீன் வாடை வரக் கூடாது. தையில் முகூர்த்தங்கள் இருக்கின்றனவாம். வரப்போவது அத்தனையும் மீன்காரர் வீட்டு நாய்கள். நல்ல கூத்து.

வாங்க: சாக்கு, கயிறு, பினாயில், குருணை, பழைய பேப்பர், மெழுகுவத்தி. எனக்குத் தலைவலி மாத்திரை.

மாத்திரையைத் தவிர எல்லாம் வாங்கியாயிற்று.

கார்த்திகை 9, செவ்வாய்

காற்று. மதியம் வேனில் மண்டபத்தூர் மீனவர் குப்பம். தெருவெல்லாம் மூட்டை முடிச்சு, முகாமுக்குப் போகும் பஸ், ஒரே சத்தம்.

முதலில் ஒரு போலீஸ்காரர் எங்கள் பெயர்களை எழுதினார். "வீட்டுக்காரர் பேரு?" அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி நானே எழுதிக் கொடுத்தேன். ஆடியில் மரணச் சான்றிதழுக்குப் போனபோது கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசிலும் இப்படித்தான். டீச்சர் வேனில் வைத்துக் கேட்டார்: "இந்தக் காலத்துலயும் புருசன் பேரச் சொல்ல மாட்டியாடி நீ?" அம்மா சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. கல்யாணமான நாளிலிருந்து "ஏங்க" போதுமாக இருந்தது. இப்போது அதற்கும் வேலை இல்லை.

பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று ஒரு அம்மா தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். பெயர் தனம். மீன் விற்பவர். மடியில் ஒரு கிழட்டுப் பெட்டை நாய், காது கிழிந்தது. அதன் பெயர் வஞ்சிரம். இந்த உடம்புக்கு இவ்வளவு விலை கூடின மீனின் பெயர்.

"அதுக்கு எடமில்லன்னா எனக்கும் வேணாம். போங்க. எனக்குன்னு இருக்குறது இது ஒண்ணுதான்."

போலீஸ்காரர் அதட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"எங்கிட்ட குடுங்க, நான் பாத்துக்குறேன்." சொன்னது நான்தான். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

தனம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களா? உங்களப் பாத்தாலே சோறு தின்னு நாலு நாளு ஆன மாதிரி இருக்கீங்க."

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. கையை நீட்டியபடி மழையில் நின்றேன். கடைசியில் கொடுத்தார். பஸ் படியில் நின்று கத்தினார்: "ஏலம் முடிஞ்சாத்தான் திங்கும். அதுக்கு முன்னாடி வெச்சா தொடாது. மறந்துடாதீங்க!"

கரையில் மீன் ஏலம் எட்டு மணிவாக்கில் முடியும். டீச்சர் அட்டையில் "சாப்பாடு காலை 8" என்று எழுதி வஞ்சிரத்தின் கழுத்தில் கட்டினார். டீச்சருக்கு எல்லாமே பள்ளிக்கூட மணிதான்.

கார்த்திகை 10, புதன்

இன்றுதான் புயல் கரையேறியது. பகல் முழுவதும் மண்டபத்துத் தகரக் கூரையை யாரோ பிய்ப்பது போலச் சத்தம். கரண்ட் இல்லை. போன் டவர் இல்லை. வாசலில் வாதாமரம் சாய்ந்துவிட்டது.

உள்ளே: நாய்கள், கூடையில் இரண்டு பூனைகள், ஒரு கிளி, கல்யாணப் பந்தி மேசைக்கடியில் ஆடுகள். ஒன்று அழ ஆரம்பித்தால் எல்லாம் அழுகின்றன. டீச்சர் எல்லாவற்றையும் மிரட்டி மிரட்டித் தொண்டையைக் கெடுத்துக்கொண்டார்.

நான் தரையைத் துடைத்தேன். மறுபடி ஈரம். மறுபடி துடைத்தேன். இந்த வேலை எனக்குச் சரியாக இருக்கிறது.

வஞ்சிரம் சாப்பிடவில்லை. எட்டு மணிக்கே வைத்தேன். தட்டைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. மதியமும் அப்படியே. நேற்றைக்கும் ஒன்றுமில்லை.

எனக்குப் பயம் வர வேண்டும். வரவில்லை. ஆடியில் அவர் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததிலிருந்து இப்படித்தான். சொந்தக்காரர்கள் எல்லாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், எப்போது அழுவாள் என்று. நாத்தனார் என் காது கேட்கவே சொன்னாள், "கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு." அவள் சொன்னதில் தப்பில்லை.

கார்த்திகை 11, வியாழன்

மழை விட்டது. சேறு. வாதாமரத்தை வெட்டி வழி விட்டிருக்கிறார்கள்.

டீ வாங்கிக் கொடுத்தது யார் என்று தெரியவில்லை. சர்க்கரை அதிகம்.

வஞ்சிரம் எழுந்திருக்கவில்லை. சேற்றில் நடந்தே வந்த மாட்டாஸ்பத்திரி டாக்டர் தொட்டுப் பார்த்தார். ஊசி போட்டார். "வயசான உடம்பும்மா. இன்னைக்குள்ள எதாச்சும் உள்ள போவணும். இல்லன்னா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது." பால், பிஸ்கட், முட்டை எல்லாம் வைத்தேன். மண்டபத்துப் பின்பக்கம் அடுப்பு மூட்டி, ஓனர் கண்ணில் படாமல், மத்திக் கருவாடு போட்டுக் குருணைக் கஞ்சி வைத்தேன். மூக்கு மட்டும் அசைந்தது. வாய் திறக்கவில்லை.

மதியம் டவர் வந்தது. உடனே தனத்தின் போன், முகாமிலிருந்து.

"சாப்புடுதா?"

பொய் சொல்ல நினைத்தேன். "இல்லம்மா. நீங்க சொன்ன மாதிரி எட்டு மணிக்குத்தான் வெக்கிறோம்."

"எட்டு மணியா? அதுக்கு மணி என்னம்மா தெரியும்? ஏலம் விட்டீங்களா இல்லியா?"

பிறகுதான் விளங்கியது. குட்டியாகக் கரைக்கு வந்த நாளில் கூடையில் வாய் வைத்து அடி வாங்கியிருக்கிறது. அன்றிலிருந்து தனம் பழக்கியது: கூடை யாருடையது என்று முடிவாகாதவரை அதில் வாய் வைக்கக் கூடாது. ஏலம் கூறுபவர் மூணு தரம் சொல்லி, வாங்கியவர் பெயரைச் சொல்லி முடித்த பிறகுதான் இதற்கு ஒரு மீன் விழும்.

"யாரு கொரலா இருந்தாலும் சரி, சத்தமாக் கூறணும். முடிக்கிறப்ப ஒரு ஆளு பேரச் சொல்லணும், அப்பத்தான்..." தனத்தின் போனில் சார்ஜ் போய்விட்டது.

டீச்சர்தான் முதலில் முயன்றார். கரகரத்த தொண்டையில், வாய்ப்பாடு சொல்வது போல. "இரு-நூறு. இரு-நூற்று ஐம்பது." கிளிதான் திரும்பிப் பார்த்தது. முந்நூறு வருவதற்குள் தொண்டை அடைத்துவிட்டது. "நீ சொல்லுடி," என்று சைகை.

நான் சத்தமாகப் பேசி மாசக்கணக்கில் ஆகிறது. கடையில்கூட எத்தனை காப்பி என்று விரலால்தான் கேட்கிறேன்.

கஞ்சிச் சட்டியை முன்னால் வைத்தேன். சின்ன வயதில் கரையில் கேட்டதுதான். "எரநூறு, எரநூறு, எரநூத்தம்பது! முன்னூறு, கேக்குறவங்க கேளுங்க, முன்னூறு!" என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. வஞ்சிரத்தின் கிழிந்த காது நிமிர்ந்தது. "முன்னூத்தம்பது! ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!" தலையைத் தூக்கி என் வாயையே பார்த்தது. பெயருக்குக் காத்திருந்தது.

ஒரு பெயரும் வரவில்லை. ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள், ஒருத்தர் பெயரும் வரவில்லை. தலை மறுபடி சாயத் தொடங்கியது.

"முருகையன்!" என்று கத்தினேன்.

கூடம் முழுக்கக் கேட்டது. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார்.

வஞ்சிரம் முன்னங்காலை ஊன்றி எழுந்தது. விழுந்தது. மறுபடி எழுந்தது. சட்டியில் வாய் வைத்தது.

நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. தொண்டை வலி மட்டும்.

கார்த்திகை 12, வெள்ளி

வெயில். சாக்கெல்லாம் காயப் போட்டோம்.

காலையிலும் ஏலம். இன்று வேறு பெயர் சொல்லலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அதே பெயர்தான் வந்தது. இரண்டாம் முறை அவ்வளவு கஷ்டமில்லை. மற்ற நாய்களும் எழுந்து வரிசையாக உட்கார்ந்தன. டீச்சர் சிரிக்கிறார், ஆனால் என்னைப் பார்க்காமல்.

ஓனர் வந்து மோப்பம் பிடித்துக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றினார். கிளியின் மேல் பழி போட்டோம்.

மதியம் தனம் வந்தார். வீட்டுக் கூரை பாதி போய்விட்டதாம். அதை ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டது போலச் சொன்னார். நாயைக் கண்டதும்தான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

"யாரு பேருக்கு விட்டீங்க?" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"முருகையன்."

"யாரு, யாவாரியா?"

"எங்க வீட்டுக்காரங்க. ஆடியில தவறிட்டாங்க."

தனம் முந்தானையை உதறிச் செருகினார். வீடு எங்கே என்று மட்டும் கேட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடைச் சந்து என்றேன். நாயைத் தூக்கிக்கொண்டு போனார். கழுத்து அட்டையை அவிழ்க்க மறந்துவிட்டோம்.

சாக்கு இன்னும் காயவில்லை.

கார்த்திகை 15, திங்கள்

கடை திறக்க வேண்டும். மோட்டார் ஓடவில்லை, கைப்பம்பில் தண்ணீர். மாத்திரை இன்றும் வாங்கவில்லை.

பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வாசலில் குரல். சந்தே கேட்கும்படி.

"முருகையன் வீடு இதானே? முருகையன்!"

ஆடிக்குப் பிறகு வாசலில் நின்று யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கொல்லையிலிருந்து வாய் நுரையோடு ஓடினேன். தனம். தலையில் கூடை. காலடியில் வஞ்சிரம், கழுத்தில் இன்னும் அந்த அட்டை.

"நேத்துத்தான் படகு போச்சு. அவரு பேருல ஏலம் முடிஞ்ச மீனு, வீடு வந்து சேர வேணாமா?" கூடையை இறக்கினார். சங்கரா. அவருக்குப் பிடித்தது. தனத்துக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்காது. நேற்றுக் கிடைத்தது சங்கராவாக இருக்கும்.

"முருகையன் வீடுதானே?" மறுபடி கேட்டார், சரிபார்ப்பது போல.

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை, வேறென்னவோ வந்தது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன். எதிர்வீட்டில் கதவைத் திறந்து பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

மீன் இன்னும் கழுவவில்லை.