பின்னால் வரும் படகு

அன்புள்ள பெரியக்காவுக்கு,

அன்று இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்தான்: “அவன் சும்மா சொல்றான், அக்கா.” பெர்லி அக்கா எனக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். கையை நீட்டினால் தொட்டிருக்கலாம். நான் சொல்லவில்லை. என்ன நடந்தது என்று நீங்கள் போனில் கேட்டபோதும் மழுப்பிவிட்டேன். அவள் அந்த அறையிலேயே துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? ஹாங்காங்கில் நல்ல தைலம் கிடைக்கும் என்கிறார்கள். நீங்கள் வேலை செய்யும் வீட்டுப் படிகளை உட்கார்ந்தே துடையுங்கள். இங்கே அப்பா நன்றாக இருக்கிறார். கூரையில் இரண்டு தகரம் மாற்றியாகிவிட்டது.

நவம்பர் புயலில் எலியாஸ் அத்தானோடு படகில் போய்த் திரும்பாத நான்கு பேருக்கும் ஈஸ்டருக்கு முன்பே ஒன்பது நாள் செபம் முடித்துவிட்டார்கள். பெர்லி அக்கா மட்டும் சம்மதிக்கவில்லை. உடம்பைப் பார்க்காமல் எந்த வாயால் என் புருஷனை இறந்தவர் என்று செபிப்பது என்று கேட்டாள். இந்த மாதம்தான் மனம் இறங்கினாள். சனிக்கிழமை செபத்தைத் தொடங்கச் சாமியாரை வரச் சொல் என்று அவளே சொன்னாள். அத்தானின் படத்துக்குச் சட்டம் போட்டு, மாதாவின் பக்கத்தில் வைத்தாள். அன்று மதியம் மீன் குழம்பில் உப்பு குறைவு என்றாள். ஏழெட்டு மாதமாக அவளுக்குச் சாப்பாட்டில் ருசி தெரிந்ததில்லை. நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்த வாரத்தில்தான் தொலைக்காட்சி நாடகக்காரர்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தோழிகளோடு பார்ப்பதாகச் சொல்வீர்களே, கப்பல் மூழ்கி ஆளில்லாத் தீவில் ஒதுங்கியவர்களின் கதை, அதேதான். ஓராண்டுக்குப் பிறகு அவர்களை ஒரு மீன்பிடிப் படகு ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. அந்தப் பகுதியை நம் கரையில் எடுக்க வந்திருந்தார்கள். கரையில் காத்திருக்கும் பெண்களாக நிற்க எங்களை அழைத்தார்கள். நம் ஊரில் யாருடைய படகு திரும்பவில்லை என்று அவர்கள் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. பெர்லி அக்கா நல்ல பாவாடையை உடுத்திக்கொண்டு வந்தாள்.

படகு வந்தது. நடிகர்கள் கிழிந்த சட்டையும் ஒட்டுத்தாடியுமாக எழுந்து கையசைத்தார்கள். நாங்கள் அசையாமல் நின்றோம். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். படகு வந்தால் யாரும் ஓடுவதில்லை, நின்று முதலில் தலைகளை எண்ணுவோம். இயக்குநருக்கு அது எப்படித் தெரியும்? ஏன் கம்பம் மாதிரி நிற்கிறீர்கள், புருஷன் வருகிறான், ஓடுங்கள் என்று ஒலிபெருக்கியில் கத்தினார்.

பாசியா அத்தை விடவில்லை. “என் புருஷன் வந்தா நான் எதுக்கய்யா ஓடணும்? சோறு இருக்கான்னு கேட்டுக்கிட்டு அவனே ஓடி வருவான்.”

எல்லோரும் சிரித்தோம். பெர்லி அக்காவும் சிரித்தாள். இரண்டாம் முறை ஓடினோம். ஆனால் நடிகர்களின் முகத்தைப் பார்க்காமல், அவர்களுக்குப் பின்னால் படகுக்குள்ளேயே பார்க்கிறோம் என்று திட்டு விழுந்தது. அப்படிப் பார்த்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாம் முறை பெர்லி அக்கா எங்கள் எல்லோரையும் முந்திக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினாள். நான் பின்னாலேயே போனேன். முதலில் குதித்த இளம் நடிகனின் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

“பின்னாடி இன்னொரு படகு வருதா, தம்பி?”

அந்தப் பையன் ஒரு கணம் திகைத்தான். காட்சி கெட்டுவிடக் கூடாது என்று நினைத்திருப்பான். அவளை அணைத்துக்கொண்டு சொன்னான்:

“வருது, அக்கா. எல்லாரும் வர்றாங்க.”

இயக்குநர் கைதட்டினார். இதைவிடச் சிறப்பாக யாராலும் எழுத முடியாது, மறுபடி எடுக்க வேண்டாம் என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பையன் என்னிடம் வந்து, அவர் யார், ஏன் அப்படிக் கேட்டார் என்றான். சொன்னேன். கையிலிருந்த சோற்றுப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு நேரே அவளிடம் போனான். தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது. பெர்லி அக்கா அவன் கன்னத்தில் தட்டினாள். நல்ல வார்த்தை சொன்ன வாயால் மன்னிப்புக் கேட்காதே என்றாள். போய்ச் சாப்பிடு, ஆறிவிடும் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தானின் படத்தை மாதாவிடமிருந்து எடுத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். உயிரோடு இருக்கிற நம் எல்லோருடைய படங்களும் இருக்கிற இடத்தில். சனிக்கிழமை செபம் வேண்டாம் என்றாள். அவன் நடிகன், அக்கா என்று அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

“அது எனக்குத் தெரியாதாடி? ஆனா நான் கேட்டது அவங்க எழுதிவச்ச கேள்வி இல்ல. அவன் சொன்னதும் எழுதிவச்ச பதில் இல்ல.”

பெரியக்கா, எவ்வளவோ கதைகள் படித்திருக்கிறேன். கடலில் தொலைந்தவர்களின் கதைகளில் ஒருவராவது திரும்பி வருகிறார். யாருமே திரும்பாத படகைப் பற்றிச் சொல்ல ஆளில்லை, அதனால்தான் அப்படி. இதை அவளிடம் சொன்னால் அவளுக்கு என்ன மிஞ்சும்? சொல்லாவிட்டால் மட்டும் என்ன மிஞ்சப் போகிறது?

இப்போது அவள் நன்றாகப் பேசுகிறாள், தலை சீவுகிறாள். அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. குழம்பில் நான் உப்பே போடாமல் பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு உங்களுக்கு விடுப்பு கிடைத்தால் கட்டாயம் வாருங்கள். மலைவழியாகப் பேருந்தில் வந்தால் ஒரு நாள் கூடும், முழங்காலுக்கும் சிரமம்தான். இருந்தாலும் பேருந்திலேயே வாருங்கள், பெரியக்கா. உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், படகில் வந்து இறங்காதீர்கள். மாதா உங்களைக் காக்கட்டும்.

உங்கள் அன்புத் தங்கை,
நியேவெஸ்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் சேர்க்காமல் வைத்திருந்தேன். செபம் வேண்டாம் என்றதைச் சாமியாரிடம் சொல்ல அப்பாவுக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமை சாமியார் வந்தார். பாசியா அத்தையும் வேறு சிலரும் வந்திருந்தார்கள். பெர்லி அக்கா கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போயிருந்தாள். சிறிது நேரம் வாசலில் நின்றுவிட்டு எல்லோரும் கலைந்து போனார்கள்.