வெள்ளைப் பலகை வீடு

ஏப்ரல் 3, 1965, சனி

ஒஹையோவிலிருந்து மருமகள் டொரீன் வந்திருக்கிறாள். நாளை தேசியப் பூங்காவின் மலைப்பாதையில் காரில் போய் நான் பிறந்த மரவீட்டைப் பார்க்க வேண்டுமாம். பாதையில் போகலாம், வீட்டில் நிறுத்தக் கூடாது என்றேன். வருகிறவர்களுக்கு அந்த வீட்டைச் சுற்றிக்காட்டுவதுதான் தம்பி ஹோபர்ட்டுக்கு வேலை. அவனோடு பேசி ஆறு வருஷமாகிறது.

முட்டை விற்றுச் சேர்த்த காசில் அம்மா வீட்டின் கட்டைச் சுவர்மேல் அடித்த வெள்ளைப் பலகைகள். அரசாங்கம் எங்கள் ஊரைப் பூங்காவுக்கு எடுத்துக்கொண்டபோது அம்மாவைச் சாகும்வரை அங்கே இருக்கவிட்டது; அம்மா இறந்ததும் பூங்கா ஆபீஸ் அவற்றைப் பெயர்க்கச் சொன்னது. உள்ளே இருக்கும் கட்டைகள் தெரிந்தால்தான் பழைய வீடாம். கடப்பாரை பிடித்தவன் இவன்.

ஏப்ரல் 4, ஞாயிறு

அது ஒருவழிப் பாதை, நுழைந்தால் முழுக்கச் சுற்றித்தான் வெளியே வர முடியும். முன்னால் எங்கோ ஒரு கரடி, அதைப் பார்க்கக் கார்களெல்லாம் நின்றுவிட்டன. நாங்கள் நின்றது சரியாக எங்கள் வீட்டு வாசலில். கரடிக்கு என் மேல் என்ன கோபமோ.

டொரீன் இறங்கிவிட்டாள். நானும் போனேன். ஹோபர்ட் கூட்டத்திடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "பாவப்பட்ட குடும்பம்ங்க. கட்டை இடுக்குல குளிர்காத்து வரும்..."

என்னால் பொறுக்க முடியவில்லை. "எங்க வீட்டுல காத்தே வந்ததில்ல. பலகை இருந்துச்சு, கண்ணாடி ஜன்னல் இருந்துச்சு, ரேடியோ இருந்துச்சு. பலகையப் பேத்தவன் இதோ நிக்கிறான்."

அவன் தொப்பியைக் கழற்றினான். "அக்கா சொல்றதுதாங்க சரி," என்றான் அவர்களிடம். பிறகு என்னிடம் மெதுவாக: "பலகையோட விட்டிருந்தா புது வீடுன்னு இடிச்சிருப்பாங்கக்கா. பக்கத்து வீட்டையெல்லாம் இடிக்கலயா? கட்டையாவது நிக்கட்டும்னுதான்."

"இத ஏண்டா இத்தன வருஷமா சொல்லல?"

"நீ கதவத் தெறந்தாத்தானே."

கரடி போய்விட்டது போல. பின்னால் ஹாரன் அடித்தார்கள். கிளம்பிவிட்டோம்.

ஏப்ரல் 5

தூக்கமில்லை. அவன் சொன்னது நியாயமா? நியாயமாகவே இருக்கட்டும் — அம்மாவோட பலகை போனது போனதுதானே.

ஏப்ரல் 9

டொரீன் ஊருக்குப் போனாள். "அத்தை, ஹோபர்ட் மாமா வீட்டுக்கு ஒரு தடவை போயிட்டு வாங்களேன்," என்றாள்.

ஏப்ரல் 17, சனி. நாளை ஈஸ்டர்.

சோளரொட்டியும் பீன்ஸும் எடுத்துக்கொண்டு ஹோபர்ட் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவன் நேராகப் பின்பக்க அறைக்குக் கூட்டிப்போனான். நாலு சுவரும் வெள்ளைப் பலகை. பழைய ஆணி ஓட்டைகள் அப்படியே இருந்தன. அம்மாவுடையவை. அழுதுவிட்டேன்.

மூன்று சுவரில் பெயிண்ட் இன்னும் ஈரம். "ஈஸ்டருக்கு முந்தின நாள் அம்மா பலகைக்கு வெள்ளை அடிக்குமே, அதே மாதிரிதான்க்கா. வருஷா வருஷம்."

ஒரு சுவர் பாக்கி இருந்தது. அவன் கையிலிருந்து பிரஷை வாங்கிக்கொண்டேன்.