அப்பாவின் முட்டியில் யாருடைய வம்சம்

நவ. 4

காலையிலிருந்து மழை. மந்தைவெளி முனையில் கணுக்கால் அளவு தண்ணீர். ஆட்டோக்காரர் வரமாட்டேன் என்றுவிட்டார்.

அப்பாவின் முட்டியில் மறுபடி சீழ். உள்ளே வைத்த செயற்கை மூட்டை எடுத்துவிட வேண்டுமாம். காரணம், எல்லார் தோலிலும் சாதுவாக இருக்கும் ஒரு பாக்டீரியா. காயத்துக்குள் போனால்தான் வில்லன்.

அம்மா தீர்ப்பே சொல்லிவிட்டாள். "அந்தப் பொண்ணு கைதான். பஸ் கம்பியெல்லாம் பிடிச்சுண்டு வரா." கட்டு மாற்ற வந்துகொண்டிருந்த ஹோம் நர்ஸ் செல்வியை நேற்றே நிறுத்தியாயிற்று. நான் அப்போது லேபில். வீட்டில் இருந்திருந்தாலும் தடுத்திருப்பேனா, சந்தேகம்.

வாங்க: பஞ்சு, ஸ்பிரிட், கொத்தவரங்காய்.

நவ. 6

அடையாறு லேபில் என் பிழைப்பே இந்தப் பாக்டீரியாதான். இனம் ஒன்று, அதற்குள் எத்தனையோ வம்சம். ஆளுக்கு ஆள் வேறு. மரபணுவைப் படித்தால் எது எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடலாம். கோத்திரம் பார்க்கும் அம்மாவுக்கே இது பிடிக்க வேண்டும். வீட்டு மாதிரிகளையும் லேபில் படிக்கலாமா என்று எங்கள் லேப் தலைவர் சாரிடம் கேட்டேன். சரி என்றார்.

அப்பா, அம்மா, நான்: தோலில் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்தாயிற்று. முட்டிச் சீழ் ஆஸ்பத்திரியிலிருந்து.

செல்வி இதற்காகவே பெரும்பாக்கத்திலிருந்து வந்திருந்தாள். பஸ் ஸ்டாண்டில், குடைக்கடியில் கையை நீட்டினாள்.

"எடுத்துக்கோக்கா. என்னுது இல்லன்னா மாமியாண்ட சொல்லுவல்ல?"

"சொல்றேன்."

"ஏஜென்சில வேற வூடு குடுக்க மாட்டேன்றாங்கோ. அதான்."

நவ. 19

ரிசல்ட் வந்துவிட்டது.

செல்வியுடையது எங்கோ தூரக் கிளை. என்னுடையதும் இல்லை. அப்பாவின் தோலிலும் இல்லை. சீழில் உள்ள வம்சம், கிளை முழுவதுமாக, அம்மாவின் வலதுகை மோதிர விரலில் இருக்கிறது. சீழில் இருப்பது அதன் ஒரு நுனி; அந்த விரலிலிருந்துதான் முட்டிக்குப் போயிருக்கிறது.

குழாய் மாறிப்போயிருக்குமோ? எல்லாம் சரிபார்த்தேன். இல்லை. அம்மா அந்தக் கட்டைத் தொட்டே நான் பார்த்ததில்லையே.

நவ. 20

ஆஸ்பத்திரி. மூட்டை எடுத்தாயிற்று. அம்மா கேன்டீனுக்குப் போனதும் அப்பா கேட்டார்.

"யாரோடதுன்னு தெரிஞ்சுதா?"

"உன்னோடதுதான்பா."

"பொய் சொல்லாதே." மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாயந்திரம் செல்வி கிளம்பினப்புறம் அம்மா விபூதி இட வருவா. நான்தான் கட்டை விலக்கிக் காட்டுவேன். தையல் மேலேயே இடுவா. அவள்ட்ட சொல்லிடாதே. தாங்கமாட்டா."

அழுகை வந்தது. கோபமும். யார் மேல் என்று தெரியவில்லை.

செல்விக்கு போன். அவளுடையது இல்லை, அப்பா வீட்டுக்கு வந்ததும் திரும்ப வேலைக்கு வா என்றேன்.

"மாமிக்குத் தெரியுமாக்கா?"

தெரியும் என்றேன்.

"அப்ப வரேங்கா." குரலில் அத்தனை சந்தோஷம். வைத்த பிறகு எனக்கு என் மேலேயே வெறுப்பு.

டிச. 2

மழை விட்டுப் புழுக்கம். அப்பா வீட்டுக்கு வந்தாயிற்று. விபூதி நெற்றியில் மட்டும், டாக்டர் உத்தரவு என்று ஒரு பொய். அம்மா ஏன் என்று கேட்கவில்லை.

கட்டு மாற்ற வேறு ஆள் கிடைக்கவில்லை என்று அம்மாவைச் சம்மதிக்க வைத்திருந்தேன். செல்வி வந்தாள். தலையில் பூ. அம்மா வாசலிலேயே நிறுத்தினாள்.

"இந்தத் தடவையாவது கையை நன்னா அலம்பிண்டு தொடு."

செல்வி என்னைப் பார்த்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

செல்வி வாஷ்பேசினுக்குப் போனாள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். அம்மா பக்கத்திலேயே நின்று, "இன்னொரு தரம்" என்றாள்.